கேப்சூலில் ஓர் ஊசித் துளை

"கையத் தொறடி!"

"விடுங்க, வலிக்கு..."

"தொறன்னா தொறக்கணும்! என்ன ஊசி அது?"

"துணி தைக்கிற..."

"துணி தைக்கிற ஊசிக்கு என் மாத்திரை டப்பாவுல என்னடி வேலை?"

முத்துலட்சுமியின் விரல்கள் விரிந்தன. எண்ணெய்ப் பிசுக்கோடு ஓர் ஊசி! உள்ளங்கையில் பாதி வற்றிய மஞ்சள் கேப்சூல்!

வெள்ளத்துரை டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார்.

பதினோரு வருஷம் தனியாகச் சாப்பிட்டவர். அருப்புக்கோட்டை பஜாரில் வத்தல் மண்டி. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ரேடியோ. செய்தி வாசிப்பவர் 'வணக்கம்' சொன்னால் இவரும் பதில் வணக்கம் சொல்வார். வீட்டில் அவர் பேசும் பேச்சு அவ்வளவுதான்.

ஒரு கிட்னியை ஏற்கெனவே எடுத்தாயிற்று. மிஞ்சிய ஒன்றில் கல்!

மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். "அதிர்வலை மெஷின்ல கல்லை உடைச்சிரலாம். ஆனா அந்த அதிர்ச்சியில கிட்னியும் கொஞ்சம் அடிபடும். வைட்டமின் ஈ, வைட்டமின் சி குடுத்தா கிட்னிக்குப் பாதுகாப்பான்னு இப்பத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. உறுதி கிடையாது. உங்களுக்கு ஒத்தக் கிட்னி... எதுக்கும் பத்து நாள் சாப்பிட்டுட்டு வாங்க."

பதினோரு வருஷத்துக்கு முன் கோபித்துக்கொண்டு போன மனைவி முத்துலட்சுமி, விஷயம் கேள்விப்பட்டுப் பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். கல் உடைகிற வரைக்கும் அவள் கவனித்துக்கொள்ள வேண்டும். உடைந்த மறுநாள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். சபையில் கொடுத்த வாக்கு. இருவருமே மீறாத வீம்புக்காரர்கள்!

இரண்டு முறை மாத்திரை பாழானது. "வெயில்ல ஒழுகிருச்சு" என்றாள். இரண்டு முறையும் தேதி தள்ளிப் போனது.

இன்று கையும் ஊசியுமாக!

வெள்ளத்துரை போலீஸ் ஸ்டேஷனுக்கு போனைச் சுழற்றினார்.

பத்தாவது நிமிஷம் ஏட்டு பால்சாமி வாசலில் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்.

"அண்ணாச்சி, யாரு செத்தது?"

"நான்தான்யா சாகப் போறேன்! மாத்திரைக்குள்ள விஷம் ஏத்துறா இவ! ஏற்கெனவே ரெண்டு தடவை மாத்திரை ஒழுகிப் போச்சு!"

பால்சாமி ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஏத்த முடியாது அண்ணாச்சி. உள்ள இருக்கிறத எறக்கத்தான் முடியும். முந்தி ரெண்டு தடவையும், ஒழுகிருச்சுன்னு மொதல்ல சொன்னது யாரு?"

"இவதான்."

"நீங்க முழுங்குறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"...முன்னால."

"கொல்ல வந்தவுக எதுக்கு அண்ணாச்சி காட்டிக் குடுக்கணும்?"



ட்ரிங்... ட்ரிங்...!

மதுரை டாக்டர்! மாத்திரை மறுபடி பாழானதைச் சொல்லிவிட்டுப் பதிலைக் கேட்கக் கேட்க வெள்ளத்துரையின் முகம் வெளிறியது. ரிசீவரை வைத்தார்.

"இனி ஒரு நாள் தள்ளக் கூடாதாம். கல்லு அடைச்சிட்டா இருக்கிற கிட்னியும் போயிருமாம். புது மாத்திரை வாங்கி இன்னைக்கே ஆரம்பிக்கணுமாம். பத்து நாள் ஆகலைன்னாலும் பரவாயில்லயாம்... வியாழக்கிழமை மெஷின்ல படுக்கணுமாம்."

முத்துலட்சுமி சுவரோடு சரிந்தாள்.

"அய்யோ... தள்ளிப்போட்டா ஆபத்தா? வைட்டமின்தான, நாலு நாள் பிந்துனா என்னன்னு நெனச்சேனே!"

"எதுக்குடி தள்ளிப்போட்டே?"

"கல்லு ஒடஞ்சா... நான் போகணும்ல?"

முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி அவளே தொடர்ந்தாள்.

"ஒத்த ஆளுக்குச் சோறு பொங்கிப் பாருங்க, தெரியும். கரண்டி சட்டியில இடிக்கிற சத்தந்தான் பேச்சுத் தொணை."

வெள்ளத்துரைக்குத் தெரியும். வத்தல் விலையைவிட அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

வாயில் வந்ததோ வேறு.

"சபையில பேசியாச்சு. வெள்ளிக்கிழமை நீ..."



"போறேன். வாக்கு வாக்குதான்" என்றாள். கண்ணைத் துடைக்கவில்லை. அதிலும் வீம்பு!

பால்சாமி நோட்டைத் திறந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் எழுதாமலே மூடினார்.

"மாத்திரையக் குத்திக் கொன்ன கேசு, லேசுப்பட்டதில்ல! விசாரணை முடியிற வரைக்கும் குத்தவாளி இந்த வீட்டு வாசப்படியத் தாண்டக் கூடாது. போலீஸ் உத்தரவு! நான் விசாரிக்கிற வேகத்துக்கு எப்படியும் முப்பது வருஷம் ஆகும்... சொல்லுங்க அண்ணாச்சி, சபை பெருசா, போலீஸ் பெருசா?"