அநாதைப் பொதி

"காது கேக்காதவங்க எப்படிம்மா போன் பண்ணிப் புகார் சொல்லுவாங்க?"

கெசியா ஆறு வயதில் கேட்ட கேள்வி அது. அம்மாவின் அலுவலகச் சுவரில் இருந்த உதவி எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். ஹெப்சிபா சிரித்தாள். செவிமணி வந்த பிறகு காது கேட்காதவர் என்று யார் இருக்கிறார்கள்?

துவரம்பருப்பு அளவுக் கருவி காதுக்குள் உட்கார்ந்துகொண்டதில், ஊரில் கத்திப் பேசுவதே அநாகரிகமாகிவிட்டிருந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். ஆனால் தயாரிப்பாளர்கள் அதில் வழங்கல் எனப்படும் வகைகளில் ஆளுக்கொன்றைப் போட்டிருந்தார்கள். கேட்கவைக்கும் நிரல் ஒன்றுதான். அதை ஒவ்வொரு வழங்கலுக்கும் ஏற்றபடி தொகுத்து, போட்டவுடன் ஓடும் பொதியாக்கித் தருவது ஹெப்சிபாவின் வேலை. ஒரே மாவை இட்லிக்கு ஒரு பதமும் தோசைக்கு ஒரு பதமுமாகக் கரைப்பது என்று மகளுக்குச் சொல்லியிருந்தாள். புதுப் பொதி கிடைக்காத செவிமணி, பாதுகாப்பு கருதி, சில மாதங்களில் தானே அணைந்துவிடும்.

'மருதம்' என்ற பழைய வழங்கல்தான் அவளைப் படுத்தி எடுத்தது. தொகுக்கும்போதெல்லாம் ஏதாவது துணைநிரல் முரண்டு பிடிக்கும். ஒருநாள் பதிவிறக்கக் கணக்கைப் பார்த்தாள். எப்போதும் ஒரே ஒருவர். அவருக்குப் புதுக் கருவியே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மேலாளர் சுடலைமுத்துவிடம் வேடிக்கையாகச் சொன்னாள். உன் இஷ்டம் என்றார் அவர். மருதத்துக்குப் பொதி போடுவதை நிறுத்திவிட்டாள். கருவி வாங்கிக் கொடுப்பது பேச்சோடு போயிற்று. புகார் ஒன்றும் வரவில்லை.

மழைக்காலத்தில் காக்கைமலையிலிருந்து செவிலி ரெபேக்காள் ஒரு டிபன் கேரியரோடு வந்தாள். திறந்தால், அடுக்கடுக்காக அணைந்துபோன செவிமணிகள். ஒவ்வொன்றும் ஒரு துண்டுத் துணியில் சுற்றப்பட்டு, மேலே மையால் பெயர்.

மலையில் சிக்னல் கிடையாது என்றாள். அவள்தான் பொதியைப் பிரதியெடுத்து வைக்கும் பெட்டியோடு அடிவாரத்துக்கு இறங்கி, பொதியை ஒரு தடவை இறக்கிக்கொண்டு போய், வீடு வீடாக ஏற்றிவிடுவாளாம்.

கணக்கில் ஒருவர் என்று இருந்தது ஒரு மலை முழுதும் என்று ஹெப்சிபாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"உதவி எண்ணுக்குப் பேசலியாக்கா?" அப்படிக் கேட்ட குரல் ஹெப்சிபாவுக்கே பிடிக்கவில்லை.

"பேசாமலா? நான் பேசினா, அந்த மெஷின் பயனாளியே பேசணும்னுது. அவங்கள அடிவாரத்துக்குக் கூட்டியாந்து பேசவச்சேன். அது திருப்பிக் கேட்டது அவங்களுக்குக் கேக்கல. பதில் இல்லன்னு வச்சிருச்சு."

பொன்னுமுத்து என்பவர் பின்னால் வந்த ஜீப்பைக் கேட்காமல் கால் முறிந்து கிடப்பதையும் சொன்னாள். ஹாரன் அடித்தே டிரைவருக்குக் கை வலித்துவிட்டதாம். சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் சிரித்தாள்.

"யாரும்மா நிறுத்துனது? மெஷினா?"

ஹெப்சிபா ஆமென்றும் இல்லையென்றும் இல்லாமல் தலையை அசைத்தாள். ரெபேக்காள் அதை ஆமென்றே எடுத்துக்கொண்டாள்.

"அதுக்கு என்ன தெரியும், பாவம்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் திருவிருந்துக்கு எழுந்தவளுக்குக் கால் பீடத்தை நோக்கிப் போகவில்லை. வெளியே வந்து, ஆளில்லாத அலுவலகத்துக்குப் போனாள். மருதத்துக்கான தொகுப்பு முறிந்தது. துணைநிரலைத் திருத்தினாள், மறுபடி முறிந்தது. மாலையில்தான் பொதி உருவாயிற்று. ஒவ்வொரு செவிமணியிலும் ஏற்றி, தன் காதில் வைத்து மழைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, அவரவர் துணியிலேயே சுற்றி வைத்தாள்.

இனி வரும் பொதிகளுக்கு யார் பொறுப்பு என்று திரையில் ஒரு கட்டம் பெயர் கேட்டது. ஆளில்லாத பொதிக்கு அந்தத் தொழிலில் அநாதை என்று பெயர். எடுத்துக்கொள்கிறவர், வேறொருவர் பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை, அதைக் கைவிடக் கூடாது. மருதத்தை வாங்கிக்கொள்ள யாரும் வரப்போவதில்லை. பொதிக்குள் அந்தக் கட்டத்தைத் திறந்து படிக்கிறவரும் இல்லை.

அங்கே தன் பெயரை எழுதினாள்.