பன்னிரண்டாம் இருக்கை

அக்கா அன்று தங்கை வீட்டு அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தாள்.

வேறு யார் பார்த்திருந்தாலும் இதில் என்ன அதிசயம் என்றுதான் கேட்டிருப்பார்கள். ஆனால் தங்கைக்குத் தெரியும். நாலு வருஷமாக அக்கா எங்கே போனாலும் முதலில் சுவரைத்தான் தேடுவாள். ஓட்டலில் மூலை மேசை, பஸ்ஸில் கடைசி இருக்கை, தங்கை வீட்டுக்கு வந்தால் அலமாரியை ஒட்டிய பாய். முதுகு எதிலாவது பதிந்தால்தான் அவளுக்குப் பேச்சே வரும். பல்லியாகப் பிறக்க வேண்டியவள் என்று தங்கை கேலி செய்வாள், அக்கா அதற்குச் சிரித்ததில்லை. அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை நீட்டிப் போட்டு, தேநீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள்.

"உனக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாரு. சின்ன ஆட்டம். மொத்தமே பன்னெண்டு பேர். படம் கிடையாது, சத்தம் கிடையாது. வெறும் எழுத்துதான். ஒரு கோட்டை, அதுக்குள்ள பன்னெண்டு எழுத்தருங்க. ஆளுக்கொரு பாத்திரமா இருந்து தினமும் எழுதணும்."

"நான் பகல் பூரா எழுத்தைத்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதே கூத்தா?"

"தனியாவே கிடக்குறியே, நாலு பேரோட பழகின மாதிரி இருக்கும். பிடிக்கலேன்னா விட்டுடு. ஏழு நாள் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

தங்கை ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே சிவப்புப் பேனா. ஓட்டலுக்குப் போனால் விலைப்பட்டியலைத் திருத்துவாள், ஆஸ்பத்திரிக்குப் போனால் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைத் திருத்துவாள். கணவன் விட்டுப் போனபோது எழுதி வைத்த கடிதத்தில் தேதி தப்பாக இருந்தது. அழுதுகொண்டே அதையும் திருத்தினாள். இதை அவள் சொன்னது அக்கா ஒருத்தியிடம்தான்.

திங்கள் சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சாம்பல் நிறத் திரையில் கறுப்பு எழுத்து. மேலே, இந்த ஆட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்ற கேள்வி. கீழே விதிகள். ஒருவர் பாத்திரத்தை மற்றவர் அசைக்கக் கூடாது. தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டும். கோட்டைக் கிணற்றிலிருந்து ஏறி வரும் வாசிப்பவர், பன்னிரண்டாம் இருக்கையில் இருப்பவரின் பின்னால் நின்று படிப்பார். அந்த இருக்கையை விட்டு எழுபவர் இன்னொருவரை உட்கார வைக்க வேண்டும், ஆனால் உட்காருபவர் தன் கையாலேயே எழுதி நுழைய வேண்டும். ஏழு நாள் நீங்கள் எங்களைப் பாருங்கள், அந்த ஏழு நாளும் நாங்கள் உங்களைப் பார்க்கிறோம்.

பரவாயில்லை, கற்பனை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். காற்புள்ளிகள்கூட ஒழுங்காக இருந்தன.

அன்றே அந்த வாசம் வந்துவிட்டது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, பாசியும் ஈரக்கல்லும் கலந்த வாசம், அது குளியலறையிலிருந்து வருகிறது என்று எண்ணித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், மறுநாள் சமையலறைத் தொட்டியைக் கழுவினாள், புதன்கிழமை குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள், அவர் எல்லா மூலையிலும் குனிந்து முகர்ந்துவிட்டு, "ஒரு வாசமும் இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மேசையில் உட்கார்ந்தால்தான் வாசம். எழுந்தால் இல்லை. வியாழக்கிழமை, திரையை அவள் கீழே நகர்த்தும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மெல்லக் குனிவது போன்ற, ஈரத்துணி மடங்குவது போன்ற ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஓரடி தள்ளி வெறும் சுவர். மழைக்காலம், சுவர் ஊறியிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏழாம் நாள் ஞாயிறு. மதியத்திலிருந்தே தூறல். ஆறு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவள் ஒரு தாளை எடுத்து, அவளுக்கே உரிய முறையில், சாதக பாதகங்களைச் சிவப்பு மையில் எழுதினாள். எழுத்து நன்று. ஆட்கள் மரியாதையானவர்கள். தினமும் நேரம் கேட்கும். கண்ணுக்கு ஓய்வு வேண்டும். பெருமூச்சு விட்டு, கடைசியில் வேண்டாம் என்று எழுதி அதன் அடியில் இரண்டு கோடு போட்டாள். அக்கா கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. மனசு லேசானது.

மூடப் போகும்போது பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு பத்தி இருந்தது. அக்கா எழுதியது. தங்கைக்கான அறையின் வர்ணனை.

'எழுத்தர் அறை. மேசையின் குட்டைக் காலுக்கடியில் மடித்த காகிதம். கைப்பிடி உடைந்த கோப்பையில் ஆறு சிவப்புப் பேனாக்கள். மேசைக்கு இடப்பக்கம் ஜன்னல்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் அறையையே கோட்டைக்குள் தூக்கி வைத்திருக்கிறாள் பாவி. பாசமும் வந்தது. ஆனால் ஜன்னல் வலப்பக்கம் அல்லவா இருக்கிறது? இருபது தடவை வந்து போனவளுக்கு இதுகூடவா தெரியாது? பக்கத்தை மூட நினைத்தாள். முடியவில்லை. பல்லிடுக்கில் நார் மாட்டியது போல அந்த ஒரு சொல் உறுத்தியது.

கீழே இருந்த கட்டத்தில் தட்டினாள். வலப்பக்கம்.

திரை ஒரு நொடி வெளுத்தது. உங்கள் முதல் வரி பதிவாயிற்று, பன்னிரண்டாம் எழுத்தரே, என்றது. அதற்குக் கீழே உறுப்பினர்களுக்கு மட்டுமான பழைய பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

எல்லாம் அவளைப் பற்றி. மூன்று வருஷம்.

அக்கா மாசாமாசம் எழுதியிருந்தாள். தங்கை என்ன மருந்து சாப்பிடுகிறாள். புருஷன் போன பிறகு குளியலறை விளக்கை அணைக்காமல் தூங்குகிறாள். கடிதத்தில் தேதி திருத்திய கதை. பதினொரு பேரும் ஆர்வமாகக் கேள்வி கேட்டிருந்தார்கள். பொருந்துவாளா? அக்காவின் பதில்: 'தனியாக இருக்கிறாள். தேடி வர ஆளில்லை.' போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? 'சொல்லுவாள். கடைசி நாளில் ஒரு தப்பு விட்டு வைக்கிறேன். பிழையைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.'

ஒரே வயிற்றில் பிறந்தவள். அழும்போதெல்லாம் தலையை மடியில் வாங்கிக்கொண்டவள். கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள். பயத்தை முந்திக்கொண்டு அழுகைதான் வந்தது.

போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அக்கா.

"எழுதிட்டியா?"

அதுதான் முதல் வார்த்தை.

"அக்கா, எனக்குப் பின்னாடி யாரு?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

"திரும்பாதடி. தினமும் எழுது. எழுதிட்டிருந்தா அது படிக்க மட்டும்தான் செய்யும்."

"ஏன்க்கா? நான் என்ன பண்ணினேன் உனக்கு?"

"நாலு வருஷம் மல்லாந்து படுத்தே தூங்கினேன். உன் பேரை அவங்களுக்குக் கொடுத்த அன்னிக்குத்தான் ஒருக்களிச்சுப் படுத்தேன்." அக்கா தொலைக்காட்சியை நிறுத்தினாள். "உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லு."

இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

தூறல் நின்றிருந்தது. ஆனாலும் சொட்டும் சத்தம். அறைக்குள்ளே. அவளுக்குப் பின்னால்.

வாசம் நெருங்கியது. பாசி. ஈரக்கல். கழுத்தில் குளிர்.

சுவர். முதுகு சுவரில் பதிய வேண்டும். அக்கா நாலு வருஷம் பிழைத்தது அப்படித்தான். ஓரடிதான் தூரம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு காலாலும் தரையை உந்தி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

சக்கரங்கள் உருண்டன. நின்றன.

சுவர் இடிக்கவில்லை. ஏதோ மெத்தென்று அமுங்கியது. மறுபடி உந்தினாள். இன்னும் கொஞ்சம் அமுங்கியது. சட்டையின் முதுகு நனைந்தது.

பிறகு, சாப்பிட உட்கார்ந்த குழந்தையை மேசையோடு சேர்த்து விடுவார்களே, அவ்வளவு பக்குவமாக, அது நாற்காலியை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, அவள் விரல்கள் விசைப்பலகையைத் தொடும் இடத்தில் நிறுத்தியது.