நிலத்தில் அடித்தவள்

விக்னராஜா முதலில் அதைக் குழாய்ச் சத்தம் என்றே எடுத்துக்கொண்டான். குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கு எடையும் உண்டு, வேகமும் உண்டு. வால்வைச் சட்டென்று பூட்டினால் அந்த வேகம் போக வழியில்லாமல் திரும்பி வந்து குழாயின் பக்கத்தில் மோதும். சுவருக்குள் யாரோ தட்டுவது போலக் கேட்கும். மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவில் அவர்கள் வாடகைக்கு இருந்த பழைய பலகை வீட்டில் அது புதிதல்ல. ஆனால் 1976ஆம் ஆண்டு யூலை மாதத்தின் அந்த முதல் வெள்ளிக்கிழமை, குளிரும் இருட்டும் ஐந்து மணிக்கே இறங்கிவிட்ட மாலையில், வீட்டில் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை.

"உமக்குக் கேக்குதே?" என்றான்.

விமலா கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "பைப்தானே. வீட்டுக்காரனுக்குச் சொல்லுங்கோ எண்டு எத்தினை நாளாச் சொல்லுறன். ஊருக்கெல்லாம் பைப் புதைக்கிற இஞ்சினியர், வீட்டுப் பைப்பைப் பாக்க ஆளில்லை."

அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய், மீற்றருக்குப் பக்கத்தில் இருந்த பிரதான வால்வையே பூட்டிவிட்டு வந்தான். குசினியில் நின்று காது கொடுத்தான். சத்தம் நிற்கவில்லை. அது உலோகத்தின் சத்தமும் அல்ல. ஈர மண்ணில் விரித்த உள்ளங்கையால் ஓங்கி அடித்தால் வருமே, அந்தச் சத்தம். சில அடிகள். பிறகு அடிப்பவர் மூச்சு வாங்குவது போல ஒரு இடைவெளி. மறுபடியும்.

மெல்பேர்னின் பலகை வீடுகள் நிலத்தில் இருப்பதில்லை. கட்டையான மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் இடையே இரண்டடி வெளி. காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போனால்தான் மரம் உக்காது. சனிக்கிழமை காலை விக்னராஜா பக்கச்சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, வயிற்றில் ஊர்ந்து, டோர்ச் அடித்துப் பார்த்தான். எங்கும் உலர்ந்த தூசி, சிலந்திவலை. குசினிக்கு நேர் கீழே மட்டும் மண் ஈரமாக, மெழுகியது போல வழுவழுப்பாக இருந்தது. அதன்மேல் கை அடையாளங்கள். சின்னக் கைகள். பெண்களுடையவை.

அப்படி நிலத்தில் அடித்த ஒரு பெண்ணை அவன் கண்டிருந்தான். இரண்டு கிழமைக்கு முன்பு, மரண விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, படிக்கட்டின் கீழே முழந்தாளில் இருந்து, கல்லில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கீழே இருக்கும் யாரையோ கதவைத் தட்டிக் கூப்பிடுவது போல, அடித்துவிட்டுக் காது கொடுத்தாள். பெயர் தெஸ்பினா. விக்னராஜாவின் கீழ் வேலை செய்து செத்துப்போன ஸ்தெலியோஸின் தாய்.

ஸ்தெலியோஸ் செத்தது கழிவுநீர்க் குழாய்க்கு வெட்டிய பள்ளத்தில். களிமண் பள்ளம் பார்வைக்குச் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதுதான் அதன் வஞ்சகம். ஒரு கன மீற்றர் ஈரக் களி இரண்டு தொன்னுக்குக் கிட்ட வரும். அதைப் பிடித்துவைத்திருப்பது மண்ணின் பசை மட்டுமே. மழை பெய்தால் அந்தப் பசை கழன்றுபோகும். அதனால்தான் நெஞ்சளவு ஆழத்துக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் பலகை வைத்து, குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். அன்று பலகைகள் வேறொரு இடத்தில் இருந்தன. மழை வருவதற்குள் இரண்டு குழாய்களை இணைத்துவிட வேண்டும் என்று நினைத்த விக்னராஜா, "இறங்கு, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொன்னான். அதைக் கேட்டது ஸ்தெலியோஸ் மட்டும். அவன் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் களி சரிந்து மூடியது.

விசாரணையில் அவனுக்கென்று ஒரு கீதைப் புத்தகம் தேடி எடுத்து வைத்திருந்தார்கள். அதில் கை வைத்து, பலகை வரும்வரை இறங்காதே என்று தான் சொன்னதாகவும், அந்தப் பொடியன் தானாகவே இறங்கினான் என்றும் சொன்னான். உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். மறியலில் அடைத்தும் இருப்பார்கள். மன்றம் செத்தவனின் கவனக்குறைவு என்று எழுதியது. விமலாவுக்கும் அவன் அதையே சொன்னான்.

வீட்டின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஆரோ படியில ஒரு கோப்பை வச்சிட்டுப் போயிருக்கினம். அவிச்ச கோதுமை. தேன் விட்டு, மாதுளம்பழ முத்தும் போட்டு. பாருங்கோ, எங்கட கோயில் பிரசாதம் மாதிரி. பக்கத்து வீட்டு கிரீக் அன்ரியாத்தான் இருக்கும்."

அதைச் சுவாமிப் படங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, இரண்டு பேருக்குமாகப் பகிர்ந்தாள். படைத்ததை மறுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அவன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தேனுக்குக் கீழே, நாக்கின் அடியில், மழை பெய்த மண்ணின் வாசம் இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது விமலா கழுவிய கோப்பையைக் காரில் வைத்தாள். "கிரீக் அன்ரி தன்ர இல்லையாம். உங்கட வேலையிடத்து ஆக்கள் ஆரும் வச்சினமோ தெரியாது, கேட்டுக் குடுங்கோ." அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று அதில் ஒரு பிடி சீனியும் போட்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், தகரக் கொட்டிலில், கிரேக்கனான மேற்பார்வையாளன் கொஸ்தா அந்தக் கோப்பையைக் கண்டான். மெல்லுவதை நிறுத்தினான்.

"இது எங்கே கிடைத்தது, விக்?"

விக்னராஜா சொன்னான்.

"கோயிலில் பாதிரியார் ஆசீர்வதித்தால் அந்தக் கோதுமையை எல்லோரும் சாப்பிடலாம், நண்பா. இது அது இல்லை. என் அம்மாவின் ஊரில், பிள்ளையைப் பறிகொடுத்து நியாயமும் கிடைக்காத தாய் இதை அவித்து, செய்தவனின் படியில் வைப்பாள். அது கீழே இருக்கிறவர்களுக்கு. அவர்கள் நடந்து வருகிற களைப்புக்குச் சாப்பாடு."

"ஆர் கீழ இருக்கிறது?"

"பெயர் சொல்லமாட்டேன். நல்ல பெண்கள் என்று சொல்லுவோம்."

விக்னராஜாவுக்கு அது உடனே விளங்கியது. அம்மை போட்டால் நோயின் பெயரைச் சொல்லாமல் அம்மாள் வந்திருக்கிறா என்று சொல்லும் வீட்டில் பிறந்தவன் அவன்.

கொஸ்தா கோப்பையைத் தொடாமலே பேசினான். வானம் காயப்பட்டு, அதன் இரத்தம் பூமியில் சொட்டியபோது பிறந்தவர்கள் அந்தப் பெண்கள். மலையில் இருந்த கடவுள்களுக்கெல்லாம் மூத்தவர்கள். தாயைக் கொன்ற ஒருவனை அவர்கள் துரத்தினார்கள்; இளைய கடவுளான அப்போலோ அவனுக்காகக் குறுக்கே நின்றான். வழக்கு ஏதென்ஸ் மன்றத்துக்குப் போனது. கெட்டிக்காரப் பேச்சுகளைக் கேட்டு வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. தீர்ப்புச் சொல்ல இருந்த அதீனா தேவி குற்றவாளியின் பக்கம் சாய்ந்தாள்.

"அவர்கள் தோற்றுப் போனார்கள். ஆறுதலுக்கு அவர்களுக்கு நிலத்தின் அடியில் வீடு கொடுத்தார்கள். அன்றிலிருந்து நீதிமன்றம் என்றால் அவர்களுக்கு ஆகாது. அங்கே நின்று பொய் சொல்கிறவன் என்றால் இன்னும் ஆகாது." அவன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தான். "கை வைத்துச் செய்கிற சத்தியமும் எங்களுக்கு ஒரு கடவுள். மாதத்தின் ஐந்தாம் நாள் பிறந்தவன். பிரசவம் பார்த்ததே அந்தப் பெண்கள்தான். இன்றைக்கு ஐந்து."

"நாங்கள் அதைச் சாப்பிட்டிட்டம், கொஸ்தா."

கொஸ்தா எழுந்து தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். "நீ உண்மையைத்தானே சொன்னாய்? பிறகு என்ன பயம்?" என்றான். அவன் பல்லைக் காட்டினான். அது சிரிப்பல்ல.

வேலை முடிந்ததும் அவன் நேரே தெஸ்பினாவின் வீட்டுக்குப் போனான். அது ஓக்லீயில், தொடருந்துப் பாதைக்கு அருகில். அவள் சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு சாண் திறந்தாள். விக்னராஜா கோப்பையை நீட்டினான். அவள் அதிலிருந்த சீனியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"யார் சாப்பிட்டது?" உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நாங்கள்தான். தெரியாமல்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு அது மெல்ல, ஆறிய சாம்பலில் காற்றுப் பட்டது போல, வேறொன்றாக மாறியது.

"என் மகன். தானாக இறங்கினானா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தான். காரில் மூன்று முறை சொல்லியும் பார்த்திருந்தான். "மிஸஸ், அது ஒரு விபத்து..."

"தானாகவா?"

"ஓம்," என்றான். அவளுக்கு விளங்காத மொழி. ஆனால் விளங்கியது.

"அப்படியென்றால் எனக்கு வேலை முடிந்தது. கோப்பை உனக்கு. அவர்கள் பசியோடு வந்திருப்பார்கள்."

கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மேற்கில் ஒரு கோடு வெளிச்சம்தான் மிச்சம். கார் எஞ்சினை நிறுத்தியதும் அவன் முதலில் கவனித்தது, அடிக்கும் சத்தம் இல்லை. மூன்று நாளாக ஓயாமல் கேட்டது ஓய்ந்திருந்தது. பக்கச்சுவரின் சின்னக் கதவு திறந்து ஆடியது. அதற்கு முன்னால் புல் படுத்திருந்தது, உள்ளிருந்து வெளியே.

முன்கதவு பூட்டியிருக்கவில்லை. வீட்டு நடையின் கம்பளத்தில் ஈரம். மஞ்சள் களி. மழை பெய்த பள்ளத்தின் வாசம், அதனோடு நாய் நனைந்தால் வரும் வாசம். குசினியில் மின்குமிழ் எரிந்தது. யாரோ மெதுவாகக் கதிரை இழுத்தார்கள்.

"விமலா?"

"குசினிக்கை வாங்கோ. ஆக்கள் வந்திருக்கினம்."

மேசையைச் சுற்றி மூவர். கறுப்பு உடுப்பு. கறுப்புத் துணியால் மூடிய தலைகள். முதுகுகள் அவன் பக்கம். கிரேக்க விதவைகள் என்றால் நம்பலாம். கைகளைப் பார்க்காதவரை. முழங்கைவரை களி. நகங்கள் இருந்த இடத்தில் வேறெதுவோ.

விமலா அடுப்படியில் நின்றாள். அவள் குரல் வழக்கமானதுதான். முகம்தான் வெளிறியிருந்தது.

"நல்ல பசியாம். இடியப்பம் வச்சன், தொடேல்லை. நாங்கள் சாப்பிட்டதுதான் வேணுமாம்." மேசையின் ஒரு பக்கத்தில் இருந்த பீங்கான் தட்டைக் காட்டினாள். அதில் ஒரு பிடி கோதுமை. முழு முழு மணிகள். காய்ந்து, சுத்தமாக. "என்ர பங்கைக் குடுத்திட்டன். நோகேல்லை. நான் தெரியாமல்தானே சாப்பிட்டனான்."

"வாரும், வெளிய போவம். இப்பவே."

"அவை எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டினம்." அவள் அழவில்லை. "ஆனா உங்கட வாயால ஒருக்காக் கேக்கவேணும். சொன்னா உங்கட பங்கும் லேசா வருமாம். அந்தப் பொடியன் தானாத்தான் இறங்கினவனோ?"

மூன்று தலைகளும் அசையவில்லை. காத்திருந்தன.

அவன் நாக்கை ஒருவரும் பிடிக்கவில்லை. தொண்டையை ஒருவரும் நெரிக்கவில்லை. இல்லை என்ற சொல் வாய்க்குள் இருந்தது. வேலை. வழக்கு. மறியல். ஊருக்குப் போகும் கடிதம். விமலா அவனைப் பார்க்கும் பார்வை.

"ஓம்," என்றான். "தானாத்தான்."

விமலா கண்ணை மூடித் திறந்தாள்.

நடுவில் இருந்தவள் எழுந்து திரும்பினாள். துணிக்குள் கண்களிலிருந்து ஏதோ வடிந்தபடி இருந்தது. அவசரமில்லை அவளுக்கு. ஒரு கையால் அவன் தோளைத் தொட்டாள். அடுத்த கணம் அவன் கதிரையில் உட்கார்ந்திருந்தான். எழும்ப முடியவில்லை. மற்ற இரண்டு பேரும் கதிரைகளைக் கிட்ட இழுத்தார்கள்.

அவளுடைய இரண்டு விரல்கள் அவன் வாய்க்குள் போயின. உதடு. பல். நாக்கின் அடி. இன்னும் கீழே. மணிக்கட்டுவரை.

முதலில் வந்தது கோதுமை அல்ல. களி. ஒரு பிடி. பீங்கானில் வைத்தாள். மறுபடி கை போனது. இன்னொரு பிடி. அதில் ஒரு வேலைக் காலணியின் கயிறு. மற்ற இருவரும் குனிந்து சாப்பிட்டார்கள். கை மறுபடி போனது. பீங்கான் நிறைந்தது. வயிறு குறையவில்லை.

அவன் தலை ஆடியது. அதை ஆடாமல் பிடிக்க, பின்னாலிருந்து இரண்டு சூடான, பழகிய கைகள் தாடையின் இரு பக்கமும் வந்து அமர்ந்தன.

"ஆ எண்டு திறவுங்கோ," என்றாள் விமலா. "இன்னும் கனக்க இருக்காம்."