கிளிஃபர்ட் பெயரில் ஓடுவது

சிவசங்கரன் தொம்மலூர் ஆபீஸுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. காபி கப்பைக் கீழே வைப்பதற்குள், சர்வர்களைக் கவனிக்கும் சௌம்யா வந்து நின்றாள்.

"சார், சர்வர் ரூம் கதவு புரோகிராம் கிளிஃபர்ட் பேர்ல ஓடுது. அவர் அக்கவுண்ட்டை நீங்கதானே அழிச்சீங்க?"

அழித்தவர் அவரேதான். கிளிஃபர்ட் செத்து மூன்று வாரமாகிறது. தீயணைக்கும் வாயு பாய்ந்தால் கதவைத் தானாகத் திறந்துவிடுவது அந்தப் புரோகிராமின் வேலை. சும்மா சும்மா அலாரம் அடித்து மீட்டிங்கைக் கெடுக்கிறதென்று அன்று அதை நிறுத்தி வைத்தவர் சிவசங்கரன். மறுபடி ஓடவிட மறந்துபோனார். வாயு பாய்ந்தபோது கதவு திறக்காமல், உள்ளே வேலையாக இருந்த கிளிஃபர்ட் மூச்சடைத்து உயிரோடு வரவில்லை. போலீஸ் கேட்டபோது, அவனேதான் நிறுத்தினான் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார், மகானுபாவர். அவன் மனைவி ஜூலியா அதை நம்பவில்லை. விடாமல் ஸ்டேஷனுக்கு அலைகிறாள். நிஜம் தெரிந்தால் இவருக்கு ஜெயில்தான்.

என்னென்ன புரோகிராம் இருக்கிறதென்று பார்க்க, பிஎஸ் என்று கட்டளை தட்டினார். பட்டியல் விரிந்தது. அவன் பெயர்தான். பக்கத்தில் ஆர் என்ற எழுத்து. ஆர் என்றால் ஓடுகிறது, டி என்றால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தொடங்கிய நேரம், அவன் செத்த நிமிஷம். அந்த மெஷினையோ நேற்றுத்தான் அணைத்து மறுபடி போட்டார்கள்; அதற்கு முன்னால் தொடங்கிய எதுவும் இப்போது ஓட வழியில்லை.

புரோகிராமை ஒழித்துக்கட்டும் கில் கட்டளையைக் கொடுத்தார். மறைந்தது.

மறுபடி வந்தது. அதே பெயர், அதே நேரம்.

"யாரோ விளையாடுறாங்கம்மா. மெஷினையே பிடுங்கிடறேன்" என்று எழுந்து போனார்.

சர்வர் ரூமில் எலும்பைத் துளைக்கும் குளிர். விசிறிகளின் ஓயாத இரைச்சல். எங்கோ வயர் கருகிய வாடை.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

மேலே வாயுக் குழாயில் உஸ்ஸென்று ஒரு சத்தம்.

எதிரே திரையில் பட்டியல் தானாக வந்தது. ஆர் இருந்த இடத்தில் டி. கிளிஃபர்ட் இருந்த இடத்தில் சிவசங்கரன்.

காதோரம் யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"யாரு சார் நிறுத்துனது?"

"நான்தாம்ப்பா. நான்தான் நிறுத்துனேன். உன் மேல பழியப் போட்டதும் நான்தான். விட்டுடுப்பா."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே லேப்டாப்போடு சௌம்யா. அத்தனையும் கேட்டுவிட்டாள், முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் கதவை இழுத்தாள். அது அசையவில்லை.

"சார், இங்க ஆர்னுதான் காட்டுது. கதவு திறந்திருக்கணுமே."

அவருக்கு மூச்சு முட்டியது. இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினார்.

சௌம்யா சட்டென்று பின்வாங்கினாள். அவர் கைகளுக்குப் பக்கத்தில், உள்ளேயிருந்து மூன்றாவதாக ஒரு கை நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது.