நைட்டு மாத்திரை

காலை ஆறு மணி. சுரங்கத்தின் நிலக்கரி பெல்ட் கன்ட்ரோல் அறைக்குள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆள் நுழைந்தபோது, செங்குட்டுவன் நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தான். உலுக்கியும் எழவில்லை. சற்று நேரத்தில் குடியிருப்பு பிளாக் முழுக்க ஒரே பேச்சு: ராஜாங்கம் மகன் குடித்துவிட்டு டூட்டி பார்த்தான்.

செக்யூரிட்டி இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற ராஜாங்கம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். மகனின் கட்டிலருகே அவனுடைய டீ ஃப்ளாஸ்க்.

"குடிக்கலைங்க," என்றார் டாக்டர். "முதுகுப் பிடிப்புக்கு நான் எழுதின மாத்திரை, அளவுக்கு மேல போயிருக்கு. அது தசையைத் தளர்த்தும், ஆளையும் அசத்திடும். படுக்கப் போறப்ப ஒண்ணு போதும், போட்டுட்டு மெஷின் கிட்டயே போகக்கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தேன். பிழைச்சிட்டார்."

உயிர் தப்பியது. ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு டூட்டிக்கு வந்தான் என்றாலும் வேலை போய்விடுமே!

குவார்ட்டர்ஸ் சமையலறையில் மருமகள் பிரபாவதியைக் கேட்டார்.

"நேத்து காலையில ஷிஃப்ட் முடிஞ்சி வந்தாரு மாமா. ஜன்னலைச் சாத்திக்கினு, மாத்திரை போட்டுக்கினு படுத்தாரு. எழுந்தப்ப நல்லாத்தான் இருந்தாரு. நான்தான் டீ ஊத்தினேன். தம்பி ஃப்ளாஸ்க்கை வண்டியில மாட்டுனாரு."

வெளியே சின்ன மகன் சிலம்பரசன் நின்றான். கான்ட்ராக்ட் தொழிலாளி, பகல் வேலை மட்டும்.

"நீ என்னடா பாத்த?"

"நைட்டு சாப்ட்டதும் மாத்திரை போட்டுக்கினுதாம்பா கெளம்புனாரு. தண்ணி குடுத்ததே நான்தான். பர்மனெண்ட் ஆளாச்சே, கேக்க ஆளில்லன்னு நெனப்பு! ஆபீசர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நைட்டு எதுக்கு போடணும்?"

"அது நைட்டு மாத்திரைதானப்பா?"

ராஜாங்கம் முதுகை நிமிர்த்தினார்.

"உனக்கு நைட்டுன்னா இருட்டு. ஷிஃப்ட் பாக்கறவனுக்கு எப்பப் படுக்கறானோ அதான் நைட்டு. அவன் காலையிலேயே போட்டாச்சு. நடக்காததைப் பாத்ததா சொல்ற. ஃப்ளாஸ்க்கைத் தொட்டதும் நீதான். மிச்ச டீயை டாக்டர் கையில குடுத்துட்டுதான் வந்தேன்."

சிலம்பரசன் முகம் வெளுத்தது.

"சுரங்கத்துக்குப் போன நெலம் ரெண்டு பேருக்கும் பொதுதான? அதுக்குக் குடுத்த வேலை மட்டும் அவருக்கு. கலியாணத்துல கூட 'மைன்ஸ்காரர் தம்பி'ன்னுதான் என்னைக் கூப்புடறாங்க. தூங்கி மாட்டிக்கட்டும்னுதான் பொடிச்சிப் போட்டேன். சாவடிக்க நெனைக்கலப்பா."

"மூச்சு நின்னிருந்தா?"



பிரபாவதி வாசலுக்கு வந்தாள். "மாமா, வெளிய தெரிஞ்சா நம்ம மானம்..."

ராஜாங்கம் செருப்பை மாட்டினார். "ஆபீசர்கிட்ட பொய் சொன்ன வாயாலயே உண்மையையும் சொல்லு, வா."

பின்பக்கச் சந்து வழியாகப் போகலாம் என்று சிலம்பரசன் திரும்பினான். அவர் அவன் கையைப் பிடித்து, அத்தனை வாசல்களிலும் ஆட்கள் நிற்க, நடுத்தெருவில் இறங்கி நடந்தார்.