காயாத மூலை

திருநின்றவூர் ஏரியோரம் மலிவாகக் கிடைக்கிறதென்று மனை வாங்கியவர்களை, எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் ஏரியே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. போகும்போது முழங்கால் உயரத்துக்குச் சேற்றை விட்டுவிட்டு, ஜெயசீலியின் கல்யாணப் புடவையை வேலிமேல் போட்டுவிட்டுப் போனது.

ஜெயசீலியும் அவள் புருஷன் ராயப்பனும் கதவை நெம்பித் திறந்தபோது அழுகிய அரிசியும் மண்ணெண்ணெயும் செத்த மீனும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. அவளுக்கு அழக்கூட நேரமில்லை. ஆறு மாதக் குழந்தை அமலி மாதா கோயில் பள்ளிக்கூடத்தில், வெள்ளத்துக்கு ஒதுங்கிய கூட்டத்தின் நடுவே, ஈரத் தரையில் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"காய்ஞ்ச இடமாப் பாத்து வெச்சிக்க. நெஞ்சில சளி கட்டிச்சின்னா புள்ள தாங்காது" என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

ஒரே ஒரு அறை காய்ந்தால் போதும். இரண்டு பேரும் பேய் பிடித்த மாதிரி வேலை செய்தார்கள். சேற்றை மண்வெட்டியால் வழித்தார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னந்துடைப்பம் தேயும்வரை தேய்த்துக் கழுவினார்கள். கோணிச் சாக்கால் தரையை ஒற்றி ஒற்றிப் பிழிந்தார்கள். மறுநாள் உள்ளறைச் சுவரெல்லாம் வெளுத்துவிட்டது. ஒரு மூலை மட்டும் வெளுக்கவில்லை.

அங்கே ஈரம் ஓர் ஆள் மாதிரி இருந்தது. சுவரில் சாய்ந்து குந்தியவளின் முதுகும் தலையும் அப்படியே பதிந்த மாதிரி. தரையில் இரண்டு குதிகால்கள்.

துடைத்தால் போனது.

திரும்பிப் பார்த்தால் இருந்தது.

"சுவரு தண்ணிய நல்லா குடிச்சிகீது" என்றான் ராயப்பன். "குமுட்டி வெச்சா போயிடும்."

மழைக்காலத்தில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பக்கத்தார் எல்லோரும் செய்வதுதான். கதவு ஜன்னலைச் சாத்தி, சந்துகளில் சாக்கைத் திணித்து, நடுவில் குமுட்டி அடுப்பு நிறைய கரிநெருப்பை வைத்துவிடுவார்கள். சூடு வெளியே போகாமல் அறை காய்ந்துவிடும். அப்படியே வைத்துவிட்டு இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்தார்கள்.

காலையில் ஜன்னல் விரியத் திறந்துகிடந்தது. குமுட்டியில் விளிம்புவரை தண்ணீர், அதில் கரி மிதந்தது. மூலையிலிருந்து குமுட்டிக்கும், குமுட்டியிலிருந்து ஜன்னலுக்கும் ஈரக் காலடிகள் போயிருந்தன.

கூரை ஒழுகுகிறது என்றான் ராயப்பன். காலடிகளைச் சாக்கால் துடைத்துவிட்டான்.

மறுபடி வைத்தார்கள். மறுபடி அதே கதி.

பழைய ஊரிலிருந்து பால் ஊற்ற வரும் நாகம்மாள் வாசலோடு நின்றாள். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"அந்த மூல, அங்கம்மா குட்ச இருந்த எடம்" என்றாள் மெதுவாக. "ப்ளாட்டு போட சொல்லோ கலைச்சிட்டாங்க. அதுக்கு மின்னாடி, அவ புள்ள செத்தப்பால சுவத்துல சாஞ்சிகினே குந்தியிருந்தா. சோறு தண்ணி இல்ல. அப்பால ஏரில எறங்கிட்டா."

"புள்ளைக்கு இன்னா ஆச்சு?"

"இன்னான்னே தெர்லம்மா. அட மழ. ஜொரமும் இல்ல, இருமலும் இல்ல. ராத்திரி கதகதன்னு தூங்க வெச்சா. காலைல எய்ந்திருக்கல."

ஜெயசீலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்னொருத்தி பிள்ளைக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். வேறெதற்கு நெருப்பை அணைக்கிறாள்? அமலி நனைந்து விறைத்துத் தன்னிடம் வந்து சேரத்தான். ஜெயசீலி அன்றே கோயில் தீர்த்தத்தை மூலை முழுக்கத் தெளித்தாள். ஆணியடித்துச் செபமாலையை மாட்டினாள்.

மறுநாள் அமலியின் உதடு நீலம் பாரித்தது. ராயப்பன் ஆவடியில் ஷிப்டுக்குப் போயிருந்தான். இனிமேல் பொறுப்பதற்கில்லை என்று ஜெயசீலி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜன்னலை ஆணி வைத்து அறைந்தாள். கதவைத் தாழிட்டு, அடியில் சாக்கைத் திணித்தாள். குமுட்டியைக் கனிய வைத்தாள்.

"என் புள்ளய விட்டுடு" என்றாள் மூலையைப் பார்த்து. "உன் கால்ல விழறேன்."

மத்தியானம்தான், ஆனாலும் மழை இருட்டில் விளக்கு வைக்கும் நேரம் போலிருந்தது. சூடு பரவப் பரவ அமலியின் இழுப்பு அடங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு குழந்தை தூங்கியது. மாதாவே, காப்பாற்றிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் தலையைச் சாய்த்தாள். தலை பாரமாக இருந்தது. அலைந்த அசதி என்று நினைத்தாள்.

சொட்டு.

கண்ணைத் திறந்தாள். ஏரிப்பாசி வாடை. சுவரில் செபமாலை இருந்தது. அதற்குக் கீழே மூலை காலியாக, காய்ந்து, வெளுத்திருந்தது.

சொட்டு. இந்தத் தடவை பக்கத்தில்.

"கதவ தெற."

காதோரம் நனைந்த குரல். குழந்தையை இறுக்கி அணைக்க நினைத்தாள். கை எழவில்லை. கத்த நினைத்தாள். நாக்கு புரளவில்லை. ஜில்லென்ற கை ஒன்று அவள் கைக்கும் குழந்தைக்கும் நடுவே நுழைந்தது.

அமலியைத் தூக்கியது.

குமுட்டி சீறி அணைந்தது. ஆணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. மழைக்காற்று உள்ளே அடித்தது.

வெளியே எங்கோ அமலி வீரிட்டாள்.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜெயசீலி தவழ்ந்தாள். வாசலில், சாரல் படாத இடமாகப் பார்த்து, குழந்தை சாக்கின்மேல் கிடத்தப்பட்டிருந்தது. அதை வாரி எடுத்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள்.

பாலோடு தெருவில் வந்துகொண்டிருந்த நாகம்மாள் அழுகை கேட்டு ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அணைந்த குமுட்டியையும் சந்தெல்லாம் திணித்த சாக்கையும் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"கரிப்பொக, தாயீ. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு பேரும் எய்ந்திருக்க மாட்டீங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அங்கம்மாவும் இப்டித்தான் அனல் வெச்சி, தட்டிக்கதவ இறுக்கி சாத்தியிருந்தா. இப்பத்தான் வெளங்குது."

ஜெயசீலி செபமாலையைக் கழற்றிவிட்டாள். மூலையில் ஈரம் திரும்பியிருந்தது. அதன் முன்னால் மண்டியிட்டு வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு அந்த ஈரத்தை யாரையும் துடைக்க விடவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவன் கேட்டபோது, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

சித்திரை வந்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது, கிணறு வற்றியது. அமலி தேறி, தவழ்ந்து, வீடெல்லாம் அளந்தாள். மூலை மட்டும் ஈரமாகவே இருந்தது.

ஒரு மத்தியானம் ஜெயசீலி துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தாள். அமலி மூலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்து எதையோ பார்த்துச் சிரித்தாள். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத குழந்தை.

"ம்மா" என்றாள்.

"அமலி, அம்மா இங்க கீறேன் பாரு. வா."

குழந்தை திரும்பி, பால் ஊற்ற வந்தவளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தது. மறுபடி அண்ணாந்துகொண்டது.

"ம்மா."

ஜெயசீலி பாய்ந்து தூக்கினாள். குழந்தையின் தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கலைந்தே கிடக்கும் அந்த முடியை யாரோ நேர்வகிடு எடுத்து, படிய வாரி விட்டிருந்தார்கள்.