இருநூற்றுப் பதிமூன்றாவது வதந்தி

"ஐயோ…!"

காலை ஏழரை மணி. அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து வந்தது அலறல்.

அலறியவள் துப்புரவுப் பணிப்பெண். கையிலிருந்த வாளி உருண்டு, சோப்புத் தண்ணீர் தரை முழுக்க ஓடியது.

கண்ணாடி அறைக்குள்… மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே… கம்பெனியின் டிசைன் ஹெட் குப்புறக் கிடந்தார். பின்னந்தலை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஜாய்ஸ்டிக் பலகை. சண்டை கேம் ஆடுகிறவர்கள் மடியில் வைத்துக்கொண்டு தட்டுவார்களே, அது. அடிப்பாகம் முழுக்க இரும்பு. அதன் ஒரு மூலையில் ரத்தம் காய்ந்திருந்தது.

இருபது வருஷமாகத் திரையில் பொம்மைகளை அடிக்க வைத்துச் சம்பாதித்த மனிதர். ஒரே அடியில் போய்ச் சேர்ந்துவிட்டார்!

ஒன்பது மணிக்குள் போலீஸ் ஆளையும் பிடித்துவிட்டது. அதே கம்பெனியின் டெஸ்டர். கேமில் எங்கே கோளாறு என்று நாள் முழுக்க ஆடிப் பார்க்கிற வேலை. ஒரே பொம்மையை ஒரே சுவரில் நானூறு தடவை மோதவிட்டுக் குறிப்பு எழுதுகிற, வாய் பேசாத மனிதர்.

அவர்மீது இரண்டு சாட்சியம். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு டிசைன் ஹெட் எல்லோர் முன்னாலும் அவரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார். அது ஒன்று. அன்று இரவு ஏழு பத்துக்கு அலுவலகக் கதவைத் திறந்தது அவருடைய கார்டு. அது இரண்டாவது. ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன், தலைவலி மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை.

அந்த ஐந்து மணிச் சண்டைக்குக் காரணம்?

'ரணகளம்-4'.

ஒன்றுமில்லை… ஒரு வீடியோ கேம். இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்ளும். ஒன்று விழும். அவ்வளவுதான் கதை! மூன்றாம் பாகம் வந்து ஐந்து வருஷம். நான்காம் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. காத்திருந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மீசை நரைத்தவர்கள்கூட, இரண்டாம் பாகத்தில் செத்துப்போன 'நர்ஸ்' என்ற பொம்மை திரும்பி வருவாளா மாட்டாளா என்று இணையத்தில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவள் தொப்பி வெள்ளையா, வெளிர் நீலமா என்பதில் இரண்டு கோஷ்டி. இரண்டும் பரஸ்பரம் அம்மாவைத் திட்டிக்கொண்டன.

இந்தக் கூட்டத்துக்குத் தீனி போட ஓர் ஆள் வேண்டாமா?

இருந்தான். ரசிகர்கள் அவனை 'லீக் அண்ணன்' என்று கூப்பிட்டார்கள். வயது முப்பத்தொன்று. வேலை, யூடியூபில் 'ரணகளம்-4' பற்றிய ரகசியங்களைக் கசியவிடுவது. நர்ஸ் வருவாள் என்று நாற்பது வீடியோ, வரமாட்டாள் என்று முப்பத்தெட்டு வீடியோ. தரை பிளக்கும் என்றான், மழை பெய்யும் என்றான், குதிரைமேல் சண்டை என்றான். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் கப்ஸா! குளிக்கும்போது தோன்றியதைத் துவட்டிக்கொண்டே வந்து பேசிவிடுவான். ஆறு லட்சம் பேர் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அண்ணன் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியறையில். வாடகை கிடையாது. சாப்பாடு படியேறி வரும். அக்கா கணவர்தான் அந்த டெஸ்டர்.

இப்போது புரிகிறதா? அண்ணன் அவிழ்த்துவிட்ட பொய்யை நம்பிய கூட்டம், குதிரை எங்கே என்று கேட்டு டிசைன் ஹெட்டுக்குக் கொலை மிரட்டல் விட்டது. அவர் டெஸ்டரைக் கூப்பிட்டு, உன் மச்சினன் வாயை மூடு, இல்லையென்றால் வேறு வேலை பார் என்று கத்தினார்.

காலை பத்தரை. அக்கா மாடியேறி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தம்பி எட்டு மணிக்கே இருநூற்றுப் பதிமூன்றாவது வீடியோவை ஏற்றியிருந்தான். பார்வைக் கணக்கு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனுக்கு வாடா, எல்லாம் நான் கட்டிவிட்ட பொய், அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லடா என்று கெஞ்சினாள். நாலு மணிக்கு அவரைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள், கொலைக் கேஸடா என்றாள்.

தம்பி திரும்பக்கூட இல்லை.

"சோர்ஸைப் பத்தி நான் வெளிய பேச மாட்டேன்கா. அது தொழில் தர்மம்."

தர்மம்! அக்காவுக்கு அவனை மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அதற்குள் கீழே ஜீப் வந்து நின்றது.

வந்தவர் பெண் இன்ஸ்பெக்டர். ஐம்பதைத் தாண்டியவர். கூட ஒரு கான்ஸ்டபிள். அண்ணனின் அறையை இன்ஸ்பெக்டர் ஒரு சுற்றுப் பார்த்தார். சிவப்பு விளக்கு, சிம்மாசனம் மாதிரி நாற்காலி, மூலையில் காலித் தட்டுகள். மூக்கைச் சுளித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"நேத்து ராத்திரி ஏழு ரெண்டுக்கு டிசைன் ஹெட் கம்பெனி ஓனரம்மாவுக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்காரு. 'இப்பத்தான் தோணுச்சு, இப்பத்தான் வரைஞ்சேன், யாருக்கும் சொல்லல'ன்னு. நர்ஸ் திரும்பி வர்றா. அடிச்சு விழுந்தவனுக்கு அவளே கட்டுப் போட்டு, எழுப்பி நிக்க வெச்சு, மறுபடி அடிப்பா. அதான் ஐடியா."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"அதையே நீங்க இன்னிக்கு வீடியோல சொல்றீங்க தம்பி. ஓனரம்மா பார்த்துட்டு எனக்கு போன் போட்டாங்க. ஏழு பத்துக்குக் கதவைத் திறந்து உள்ள போனவன்தான் அவர் ஸ்க்ரீன்ல அதைப் பார்த்திருக்கணும். திறந்தது உங்க அத்தான் கார்டு. அவர்தானே வந்து சொன்னாரு?"



அக்கா தம்பியையே பார்த்தாள். அவர் யாரோடும் பேசவில்லை, மாத்திரை போட்டுப் படுத்தவர் காலையில்தான் எழுந்தார் என்று அவளுக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும்.

"ஆமா மேடம்," என்றான் தம்பி. "அத்தான்தான் சொன்னாரு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருஷம் அவனுக்குச் சோறு போட்ட கை அது.

இன்ஸ்பெக்டர் கொஞ்சமும் அசரவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினார். நிதானமாகப் படித்தும் காட்டினார்.

"'என் சேனலில் நான் வெளியிட்ட எல்லாச் செய்திகளையும் என் அக்கா கணவரே எனக்குச் சொன்னார். எனக்கு இந்த விளையாட்டைப் பற்றிச் சுயமாக எதுவும் தெரியாது. அவர் சொன்னதை ஒப்பித்தது மட்டுமே என் வேலை.' கையெழுத்துப் போடுங்க. நான் கிளம்பறேன்."

பேனா கைக்கு வந்தது. ஒரு கையெழுத்து… போட்டால் தப்பித்தான்!

பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"அந்தக் கடைசி ரெண்டு வரி வேணாமே மேடம்."

"ஏன்?"

"ஃபேன்ஸ் பார்ப்பாங்க."

"பார்க்கட்டுமே. கோர்ட்டுல வாசிப்பாங்க, பேப்பர்லயும் வரும். லீக் அண்ணன் வெறும் ஸ்பீக்கர், மைக் அத்தான் கையிலன்னு." இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "பாவம் அந்த மனுஷன். மூளை பூரா அவரோடது. பேரு மட்டும் இவருக்கு."

அண்ணனின் காது மடல் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அவரா…? அவருக்கு என்ன மேடம் தெரியும்? சுவத்துல பொம்மையை மோதவிடுற ஆளு! ஒரு நாள், ஒரு விஷயம் வீட்ல வாயைத் திறந்து சொன்னதில்ல. நர்ஸ் கட்டுப் போடறதை நான் பார்த்தேன். நானே, என் கண்ணால, அந்த ஆளு ஸ்க்ரீன்ல பார்த்தேன்!"

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"எத்தனை மணிக்குப்பா?"

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. தன் சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. நிஜமான ரகசியம் ஒன்றாவது கிடைக்காதா என்ற நப்பாசை. அத்தான் மாத்திரை போட்டுப் படுத்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை உருவியிருக்கிறான். எல்லோரும் போயிருப்பார்கள் என்று நினைத்து உள்ளே நுழைந்தால், டிசைன் ஹெட் இருந்தார். இவன் யாரென்று தெரிந்ததும் போலீஸைக் கூப்பிடவில்லை. சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருநூத்திப் பன்னெண்டுல தவறிக்கூட ஒண்ணு சரியா வரலையேடா. அதுக்கும் ஒரு திறமை வேணும்," என்று சொல்லிவிட்டுத் திரை பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்தில் ஜாய்ஸ்டிக் பலகை இருந்தது.

"கொன்னவர் அத்தான்னா, அந்த வீடியோவை உன்னைப் போட விட்டிருப்பாராப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆறு லட்சம் பேருக்கு முன்னால இப்படி உளறிக் கொட்ட உன்னைத் தவிர யாராலயும் முடியாது. அதான் உன்கிட்டயே வந்தேன்."

அக்கா கிட்டே வந்தாள். ஓங்கி ஓர் அறை. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"அவர் சட்டைப் பையில திருடுன. சரி. அவரையே காட்டிக்குடுக்கவும் உனக்கு வாய் வந்துச்சே… நீ எனக்குத் தம்பியே இல்லடா."

பிறகு அவனைப் பார்க்கவேயில்லை. அவரை எப்போது விடுவீர்கள் என்று மட்டும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். கோர்ட்டுக்கே போக வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றதும், புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு மாற்றுச் சட்டை எடுக்க வேகமாக இறங்கிப் போனாள்.

விலங்கு மாட்டியாயிற்று. கான்ஸ்டபிள் அண்ணனின் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ படித்துப் படித்துச் சிரித்தார்.

"மேடம், கமெண்ட்டைப் பாருங்க. பத்தாயிரத்துக்கு மேல வந்திருக்கு. 'அண்ணே, இவ்ளோ நாள் நீங்க சொன்ன எல்லாத்தையும் நம்புனோம். ஆனா இந்தக் கட்டுப் போடற கதை சுத்த உருட்டு!' எல்லாரும் இதையேதான் எழுதியிருக்காங்க."

குதிரையை நம்பிய கூட்டம்! மழையை நம்பிய கூட்டம்! வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே ஓர் உண்மையைக் காறித் துப்பியிருந்தது.

கொலைக் கேஸுக்கு அழாத அண்ணனின் கண்ணில் இப்போதுதான் தண்ணீர் வந்தது. படியில் அப்படியே நின்றுவிட்டான்.

"மேடம்… இது மட்டும் நிஜம்னு உங்களுக்குத் தெரியும்ல? யாராவது ஒருத்தர் அவங்களுக்குச் சொல்லுங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுப்பா. ஜட்ஜ் நம்புவாரு."